எங்கள் வீட்டுத் தீட்டு

என் வீட்டுக்காரர் சண்டை விமானம் ஓட்டியவர். இதைச் சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தன பிளேன சுட்டாரு?" ஒன்று என்பேன். கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும், நான் ஏதோ கத்தரிக்காயை எடை குறைத்துப் போட்டுவிட்ட மாதிரி. அந்த ஒன்றுக்குத்தான் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்து, அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தது. அதை நான் வெளியில் சொன்னதில்லை. சொன்னால் மாமனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் வாய்த் துடுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரி, இப்போது சொல்கிறேன்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைக்கிற ஊர் எங்களுடையது. மாமனாருக்கு ஒரே பிள்ளை. மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வீட்டில் ஆம்பளைகள் இரண்டு பேர், பொம்பளை நான் ஒருத்தி. இரண்டு ஆம்பளைகளும் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டில் பேச்சு என்று ஏதாவது நடந்தால் அது என் வழியாகத்தான் நடக்கும்.

பொன்னேரி ஹைஸ்கூலில் படித்து, பட்டணத்தில் காலேஜ் முடித்து, விமானப்படையில் சேரப் போகிறேன் என்று பிள்ளை வந்து நின்றபோது மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம்: "ரெண்டு மாட்ட நேரா ஓட்டத் தெரியல, இவன் ஏரோப்பிளேன் ஓட்டப் போறானாம்!" ஆனால் சீருடையில் முதல் படம் தபாலில் வந்ததும், அதை அவரே பொன்னேரிக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். கற்பூரம் காட்டும்போது அந்தப் படத்துக்கும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார். நான் பார்த்துவிட்டால் சாமி படத்தில் தூசி இருப்பது போலத் துடைப்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் ஊர் அம்மனுக்குக் காணும் பொங்கலன்று ஊர்வலம். கிளம்புவதற்கு முன்னால், அம்மன் மேல் சாத்தியிருந்த பட்டுத் துணியை எடுத்து ஊரில் ஒருவர் தலையில் கட்டுவார்கள். அதுதான் பரிவட்டம். அந்தச் சின்னத் துணிக்காகப் பங்காளிகள் வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வயல் மதகிலிருந்து கடைசிப் பங்கு. தண்ணீரும் கடைசியாகத்தான் வரும், மரியாதையும் கடைசியாகத்தான் வரும். மாமனாரின் அப்பா தலையிலும் அது ஏறவில்லை, அவர் தலையிலும் ஏறவில்லை. "நம்ம ஊட்டுத் தலையில ஒரு தடவ அந்தத் துணி ஏறணும்மா. அப்பாலிக்கா நான் கண்ண மூடினா கூடப் பரவால்ல" என்று அவர் என்னிடம் சொல்லாத மாதம் இல்லை.

கல்யாணமானதும் நான் வடக்கே விமானப்படைக் குடியிருப்புக்குப் போனேன். மற்ற அதிகாரிகளின் பெண்சாதிகள் என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. காலையில் நான்கு விமானம் மேலே போனால் நான்கு சத்தம் திரும்பி வர வேண்டும். அடுப்பில் பருப்பு கொதிக்கும், காது கூரைக்கு மேலே இருக்கும். மூன்றாவது சத்தத்துக்கும் நான்காவதற்கும் நடுவில் எவளும் பேச மாட்டாள். நான்காவது இறங்கியதும், விட்ட இடத்திலிருந்து வம்பை மறுபடி ஆரம்பிப்போம்.

அறுபத்தைந்தில் மேற்கே சண்டை மூண்டபோது குடும்பங்களை எல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எண்ணுவதற்குச் சத்தமும் இல்லை. சாயங்காலமானால் பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த கட்டிடத்துக்குப் போய் ஆம்பளைகளுக்குப் பின்னால் நிற்பேன். "பொம்பள ரேடியோ கேக்க வந்துகினு கீறா பாரு" என்று ஒருத்தர் முணுமுணுத்தார். "உன் புருஷனா பிளேன்ல கீறான்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவரே எனக்கு இடம் விட்டார்.

நலம் என்று ஒரு வரி எழுதிய கார்டு ஒன்று வந்தது. பிறகு பேப்பரில் படமே வந்தது. புரட்டாசி பிறந்த அந்த வாரத்தில், எல்லைக்கு மேலே, தன்னுடைய விமானம் அடிபட்ட பிறகும் திரும்பாமல் எதிரி விமானத்தை விரட்டிப் போய் வீழ்த்தினார் என்றும், அதற்காக வீரப் பதக்கம் என்றும் போட்டிருந்தது. மாமனாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் படிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தரையும் பிடித்து நிறுத்திப் படிக்க வைத்தார். எல்லோரும் படித்து முடித்த பிறகு பேப்பரை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

போகிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். பொன்னேரி ஸ்டேஷனில் மேளம், மாலை, கூட்டம். மாட்டு வண்டியில் ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்து, "முதல்ல தண்ணி கொண்டா" என்றார். குடத்தைக் கொடுத்தேன். சட்டையைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். ரயில் கரி போகட்டும் என்று ஊற்றிக்கொள்கிறார் என நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அப்படி வாசலிலேயே தலைமுழுகிவிட்டு உள்ளே வருகிறவர்கள் எங்கே போய்விட்டு வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் போகி. சாயங்காலம் கோயில் தர்மகர்த்தா இரண்டு பேரோடு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. "தம்பி, இந்த வருஷம் பரிவட்டம் உனக்குத்தான். ஊரு கூடி முடிவு பண்ணிக்கினு வந்துகீறோம்" என்றார். மாமனார் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கையைக் கூப்பினார். "மன்னிச்சிக்கணும். எனக்குத் தீட்டு கீது. இந்த வருஷம் நான் மரியாத வாங்கக் கூடாது."

சாவுத் தீட்டு உள்ளவன் கோயில் மரியாதை வாங்க மாட்டான், அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகையும் கிடையாது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தர்மகர்த்தா நீட்டிய தாம்பாளத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்பது முறையில்லை. மூன்று பேரும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் போனார்கள், அதுவும் சாவு வீட்டு வழக்கம்தான்.

"இன்னாடா சொன்ன நீ?" என்றார் மாமனார்.

"அப்புறம் சொல்றேன்பா" என்று அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்றிரவு அப்பனும் பிள்ளையும் சாப்பிடவில்லை. பொழுது விடிவதற்குள் மாமனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். பொங்கலன்று எவனாவது கழனி வேலைக்குப் போவானா? போனார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். "பானை வெக்கட்டுமா வாணாமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். என் இஷ்டம்தானே என்று வாசலில் அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பண்டிகை நேரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கிறவரைக்கும் கோயில் கதவு திறக்காது, ஊர்வலம் நின்றுபோகும். ஊர்ப் பண்டிகை கெட வேண்டாம் என்று சில வீடுகளில் சாவை ஒரு நாள், ஒன்றரை நாள் மூடி மறைப்பதுண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் மறைக்கிறோம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. யார் செத்தது? பிள்ளை நடமாடுகிறான். மருமகள் வாசலில் நிற்கிறாள். விடிந்ததிலிருந்து கண்ணில் படாதவர் மாமனார் ஒருத்தர்தான். போதாதா? உடனே கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கச்சிக்கு ஆள் போய்விட்டது.

பொங்கல் பொங்கி வருகிற நேரம், தெருக்கோடியில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. மாமனாரின் தங்கச்சி கையில் மாலையோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நாலைந்து பொம்பளைகள் பின்னால் வர, மார்பில் அடித்துக்கொண்டு வருகிறாள். "எண்ணா, ஒத்த வார்த்த சொல்லாம என்ன உட்டுட்டுப் பூட்டியே!" வந்தவள் என் பொங்கல் பானையைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது.

"அடி பாவி! என் அண்ணன உள்ள போட்டுட்டு வாசல்ல பொங்கல் வெச்சிகினு கீறியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் கரண்டியோடு நிற்கிறேன். "எந்த அண்ணன்?" என்று கேட்டேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி! அவளுக்கு இருந்ததே ஓர் அண்ணன்தான். அவள் தரையில் உட்கார, மற்றவர்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார, ஒப்பாரி மறுபடி தொடங்கியது. அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "வாடா நைனா, அப்பன் இல்லாத புள்ளையாப் பூட்டியே" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமனார் தெருவில் வருகிறார். முழங்கால்வரை சேறு, தோளில் மண்வெட்டி.

"யாருடி செத்தது?" என்றார்.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு 'ஆ' என்று அலறிப் பின்னால் சாய்ந்தாள்.  பிறகு யாரோ ஒருத்தர் சிரித்தார். அவ்வளவுதான், தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொங்கலும் அதுவுமாகத் தன் ஒப்பாரியைத் தன் காதால் கேட்ட மனிதர் எப்படி இருப்பார் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. பிணத்துக்கு வாங்கி வந்த மாலை அவர் காலடியில் கிடந்தது.

"யாருக்குடா தீட்டு?" என்று பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். "ஊரே சிரிக்குது. சொல்லுடா!"

"நான் சுட்டனே, அவனுக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"அவனுக்கு அங்க காரியம் செஞ்சாங்களான்னு தெரியாது. ஒடம்பு கெடச்சுதான்னே தெரியாது. அவன் செத்தது என் கையால. அந்தத் தீட்டு எனக்கு இல்லன்னா வேற யாருக்குப்பா?"

"எதிரிக்குத் தீட்டாடா? அவன் உன்ன சுட்டிருந்தா உனக்குத் தீட்டு காத்திருப்பானா?"

"எனக்குத் தெரியாது. என்னால அந்தத் துணியத் தலையில கட்டிக்க முடியாது. அவ்வளவுதான்."

மாமனார் மாலையை எடுத்து வைக்கோல் போரில் வீசினார். "உன்ன பெத்ததுக்கு நல்ல மரியாத பண்ண" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பிள்ளையிடம் அவர் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது. காணும் பொங்கலன்று பரிவட்டம் மதகின் முதல் பங்குக்காரர் வீட்டுக்குப் போனது. ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனபோது மாமனார் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகைத்தான் பார்த்தேன். 

இரண்டு நாள் கழித்துச் சோழவரத்தில் என் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். ஏரிக்கு அந்தப் பக்கம், முந்தைய உலகச் சண்டையில் போட்ட பழைய விமானப் பாதை கிடக்கிறது. அதில் வருடத்துக்கு ஒரு முறை கார் பந்தயம் விடுவார்கள். மற்ற நாளில் ஆடுதான் மேயும். சாயங்காலம் அதன் மேல் இரண்டு பேரும் நடந்தோம். நான் சும்மா வரவில்லை, சண்டை போட்டுக்கொண்டேதான் வந்தேன். "ஒரு துணிய தலையில வாங்கிக்கினு, மனசுல இன்னா வேணா வெச்சிக்கறதுதானே? கெய்வனுக்கு அது ஒண்ணுதானே ஆசை?"

அவர் பாதையின் கோடிவரை நடந்தார். பிறகு நின்று சொன்னார். "ரொம்ப மேலேருந்து வேகமா கீழ வந்தா, உள்ள கண்ணாடியில பனி கட்டிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. எனக்கும் கட்டிக்கும். அவன் பின்னால நான் போனப்ப, அவன் கைய எடுத்துக் கண்ணாடியத் துடைச்சிக்கினு இருந்தான். நாம கண்ணாடியத் துடைக்கறாப்பல, இப்படி." உள்ளங்கையைக் காற்றில் வட்டமாக ஓட்டிக் காட்டினார். "அவன் என்னப் பாக்கவே இல்ல. துடைச்சு முடிக்கறதுக்குள்ள நான் சுட்டுட்டேன். பாராசூட்டுக் குடை விரியல."

"நீங்க சுடலன்னா அவன் சுட்டிருப்பான்" என்றேன்.

"ஆமா. திரும்ப அதே நெலம வந்தா திரும்பச் சுடுவேன். அது என் வேல. அதுக்காக அவன் சாகலன்னு ஆயிடுமா?"

 அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. லீவு முடிந்து அவர் ரயிலேறியபோது மாமனார் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

நான் இன்னும் கொஞ்ச நாள் ஊரில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் மாமனார் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அவங்க ஜனங்க செத்தா இன்னா செய்வாங்க?"

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்கு வந்ததே கோபம்! "எனக்கு இன்னா தெரியும் மாமா? பழவேற்காட்டுல பள்ளிவாசல் கீது, போயிக் கேளுங்க. அவனும் ஒரு அப்பன் பெத்த புள்ளதான். கண்ணாடியத் துடைச்சிக்கினு இருந்தவன். எதிர்ல இன்னா வருதுன்னே தெரியாம செத்தான். போதுமா?" என்று கொட்டிவிட்டேன்.  அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாளில் நான் அதை மறந்துவிட்டேன்.

வருடங்கள் ஓடின. பதக்கம் டெல்லியில் கொடுத்தார்கள், அதை வாங்கி வந்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தோம். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பனும் பிள்ளையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அவனுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா" என்று அவர் என்னிடம் சொல்வார். "அப்பாவுக்குக் கால் வலி எப்படிக் கீதுன்னு கேளு" என்று இவர் என்னிடம் சொல்வார். இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில்தான் இருப்பார்கள். பேஜாரு பிடித்த வீடு என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மாமனாரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள், சொர்ணவாரிப் போகத்தில் அறுத்த புது அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். எதற்கு என்று கேட்டால் "சும்மா, காத்து வாங்க" என்பார். "புரட்டாசி மாசம் மீன் கூடத் திங்க மாட்டீங்க, பழவேற்காட்டுல இன்னா வேல? அரிசிய யாருக்குக் குடுக்கறீங்க, சின்ன ஊடு கின்ன ஊடு வெச்சிகினு கீறீங்களா?" என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

எழுபத்தொன்றில் மறுபடி சண்டை. மறுபடி நான் ஊரில், இந்த முறை வீட்டிலேயே டிரான்சிஸ்டர். மாமனார் அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆனால் நடுவில் ஒரு நாள் காலையில் போனவர் இருட்டித்தான் வந்தார். "புள்ள சண்டையில கீறான், நீங்க ஊர் சுத்திகினு வறீங்களே, நல்லாக் கீதா?" என்று கத்தினேன். "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சண்டையில் என் வீட்டுக்காரர் யாரையும் சுடவில்லை. கடைசி நாட்களில் விமானம் தீப்பிடித்து, இருக்கையோடு வெளியே எகிறி விழுந்து முதுகெலும்பில் அடி. அதோடு பறப்பது முடிந்தது. கொஞ்ச காலம் மேஜை வேலை பார்த்துவிட்டு, ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டோம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு கம்பி ஆலையில் மேலாளர் வேலை கிடைத்தது. காலையில் நாஷ்டா முடித்து, முதுகில் பட்டை கட்டிக்கொண்டு ரயிலில் போய் வருவார். இனி அப்பனும் பிள்ளையும் தினமும் ஒரே கூரையின் கீழே. இப்போதாவது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒரு மாசி மாதம் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்துவிட்டு வந்து, வாசலில் தலைமுழுகி உள்ளே வந்தார். "ஒரு வார்த்த பேசாமலே பூட்டாரே" என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மாமனாரின் துணிகளை எல்லாம் வழக்கப்படி கொடுத்துவிட்டோம். கூடத்து ஆணியில் மாட்டியிருந்த துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை.

அந்த வருடம் புரட்டாசி கழிந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத் தாடி வைத்த வயதானவர் ஒருத்தர் குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவராம். "பெரியவரு இந்த வருஷம் வரல. ஒரு வருஷம் கூடத் தவறினதில்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

உட்கார வைத்து, இல்லை என்ற செய்தியைச் சொன்னோம். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் கேட்டார்: "அப்பா எதுக்கு அங்க வந்தாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "மொத வருஷம் வந்து வேப்பமரத்தடியில உக்காந்துகினாரு. 'உங்க ஜனத்துப் புள்ள ஒண்ணு செத்துப் போச்சு, அதுக்குச் செய்ய யாரும் இருந்தாங்களான்னு தெரியல, இன்னா செய்யணுமோ செய்யுங்க'ன்னாரு. செத்தவங்களுக்காகப் பாத்தியா ஓதி, அரிசிய ஆக்கிப் புள்ளைங்களுக்குப் போடுவோம்னு சொன்னேன். பேரு இன்னான்னு கேட்டேன். பேரு தெரியாது, கண்ணாடி துடைச்ச புள்ளன்னு சொல்லி ஓதுங்கன்னாரு. அதுலேந்து வருஷா வருஷம் அதே நாளு வருவாரு. துண்டுலேந்து அரிசியக் கொட்டிட்டு, அதே துண்டத் தலையில கட்டிக்கினு உக்காருவாரு."

 கண்ணாடி துடைத்தவன் என்று மாமனாரிடம் கொட்டியது நான்தான். அத்தனை வருடமும் சின்ன வீடு என்று கேலி செய்ததும் நான்தான்.

"ஒரே ஒரு தரம் நாள் மாறி வந்தாரு" என்று பெரியவர் தொடர்ந்தார். "எழுபத்தொண்ணுல, சண்ட நடக்கறப்ப. எனக்கு ரெண்டு புள்ள, ஒருத்தன் போயிட்டான், ஒருத்தன் மேல பிளேன்ல கீறான், ரெண்டு பேருக்கும் ஓதுங்கன்னாரு. உங்ககூடப் பொறந்தவரா, அந்தப் போன புள்ள?"

என் வீட்டுக்காரர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். முதுகுப் பட்டைக்கு மேலே தோள் இரண்டும் குலுங்கின. பதினைந்து வருட தாம்பத்தியத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஆணியிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஒரு படி அரிசியைக் கொட்டி முடிந்து கொடுத்தேன். பெரியவரோடு மூன்று பேரும் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினோம். மழை விட்டிருந்தது. பள்ளிவாசல் படிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நான் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து ஒருத்தர் கொண்டு வந்த தட்டில் என் வீட்டுக்காரர் அரிசியைக் கொட்டினார். வெறும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பெரியவர் அதை வாங்கி ஓர் உதறு உதறி, அவரைக் குனியச் சொல்லி, தலையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார்.

என் மாமனார் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"யாருக்குன்னு சொல்லி ஓதட்டும்?" என்று பெரியவர் கேட்டார்.

"கண்ணாடி துடைச்ச புள்ளைக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்க அப்பாவுக்கும். ரெண்டு பேருக்கும் சேத்தே ஓதுங்க."